பின்னால் காலடி கேட்டால்

சென்ற மாதம் ஒரு மேடையில் என்னை ‘விட்டுக்கொடுத்த வீராங்கனை’ என்று அறிமுகப்படுத்தினார்கள். மைதானத்தில் புதிதாகச் சிவப்புத் தடம் போட்டிருக்கிறார்கள், அதன் திறப்பு விழா. ரப்பர் தடம். எங்கள் மரத்துப் பாலா என்று கேட்டேன். இல்லையாம். எங்கோ வெளிநாட்டு ஆலையில் செய்து, பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்ததாம்.

ஒலிபெருக்கி பிடித்த தம்பிக்கு என்மேல் நிஜமான மரியாதை. “தோழிக்காகக் கடைசிச் சுற்றில் வழிவிட்டு, தன் வெளிநாட்டுப் பயணத்தையே தியாகம் செய்த தோட்டத்துப் பெண்” என்றான். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடைக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

மேடையை விட்டு இறங்கியதும், ஓட்டம் பழக வரும் பிள்ளைகளில் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். தோட்டத்துப் பிள்ளைதான். காலைப் பார்த்தாலே தெரியும்.

“அக்கா, கடைசி ரவுண்ட்ல ஏங்க்கா விட்டுக்கொடுத்தீங்க? அவங்க ரொம்ப கூட்டாளியா?”

வாயைத் திறந்தேன். கார் வந்துவிட்டது, தேநீர் ஆறுகிறது, படம் எடுக்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். கோபத்தைக் கழித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சுகிறது.

கேகாலைக்கு மேலே, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒற்றைச் சாலையின் இரு பக்கமும் எங்கள் ரப்பர்த் தோட்டம். அம்மா பால் வெட்டுகிறவள். அப்பாவுக்குக் கான் வெட்டும் வேலை. மழைத்தண்ணீர் ஓட மலைச்சரிவிலும் சாலையோரத்திலும் வெட்டிவிடுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். அப்பா மண்வெட்டியோடு வருஷம் முழுக்க அதற்குள்ளேயே நின்றார். அவர் வெட்டிய கானுக்குள் நாங்கள் எல்லாரும் நின்றோம். ஏனென்று சொல்கிறேன்.

தோட்டத்தை நடத்தும் துரையின் வண்டி வரும் சத்தம் கேட்டால் சாலையை விட்டு இறங்க வேண்டும். ஓரமாக நின்றால் போதாது. தலைச்சுமையை இறக்கி, ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, கானுக்குள் இறங்கி நின்று, வண்டி போன பிறகு தூசியும் அடங்கியபின்தான் மேலே ஏற வேண்டும். எவரும் இதை எழுதி ஒட்டவில்லை. அரசாங்கத்திடமிருந்து தோட்டம் கம்பனி கைக்கு மாறியது, பச்சை ஜீப் போய் வெள்ளை ஜீப் வந்தது, வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. நடக்கப் பழகும் குழந்தையைக்கூட அப்படித்தான் பழக்குவார்கள். “வண்டி வருது, ஒதுங்கு.” பிறகு வண்டிதான் என்றில்லை. கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள், கங்காணியின் செருப்புச் சத்தம், பின்னாலிருந்து எது வந்தாலும் உடம்பு தானாக ஓரத்துக்குப் போய்விடும். மூளைக்கே தெரியாது. தூசி வந்தால் கண் மூடுகிற மாதிரி.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்வது எல்லாம் இதிலிருந்துதான்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கேகாலைக்கு ஓட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். புல்தரை மைதானம், சுண்ணாம்புக் கோடு. வெளிக்கோட்டுக்கு அப்பால் ஒரு கான். செருப்பில்லாமல் ஓடினேன். மலை ஏறி இறங்கிய காலுக்குச் சமதரை என்பது சாப்பாடு மாதிரி. முதல் சுற்றிலேயே எல்லாரையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் பின்னால் காலடி கேட்டது. ஒதுங்கினேன். கான் ஓரம்வரை போய், அந்தப் பிள்ளை போகட்டும் என்று வழிவிட்டேன். அவள் போனாள். அவளுக்குப் பின்னால் நான் ஓடலாமே, அதில் தப்பில்லையே. ஓடினேன், முந்தினேன். மறுபடி காலடி. மறுபடி ஒதுங்கினேன். மைதானமே சிரித்தது. யாரோ, “நங்கி, பஸ்ஸுக்கா எடம் விடுற?” என்று சிங்களத்தில் கத்தினார்கள். நங்கி என்றால் தங்கச்சி. மொத்தம் எத்தனை தடவை ஒதுங்கினேன் என்று நினைவில்லை. நாலாவதாக வந்தேன்.

எங்கள் வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் குணதாச சேர் வந்தார்.

அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மைதானத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார், வியர்வை படக்கூடாதாம். விசில் ஊதமாட்டார். இரண்டு விரலால் இடது உள்ளங்கையில் தட்டுவார், ‘டப், டப்’ என்று. அந்தச் சின்னச் சத்தம் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவளுக்கும் கேட்கும். கேட்காவிட்டால் நீ ஓட்டக்காரி இல்லை என்பார். அவருடைய அப்பா ஒரு தோட்ட வாசலில் கடை வைத்திருந்தவர். அதனால் சேர் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார், எங்கள் வழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“ஏன் புள்ள எடம் விட்ட?”

“பின்னால ஆள் வந்தாங்க சேர்.”

சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் சாமானைத் தேடித் தேடி, கடைசிக் கடையில் கண்டுபிடித்தவரின் முகம். அந்த முகத்தை நான் அன்று தப்பாகப் படித்தேன். என் ஓட்டத்தைப் பார்த்துத்தான் அந்தச் சந்தோஷம் என்று நினைத்தேன். ஏழு வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஏழு வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பள்ளிக்கூடம் நின்றது, அம்மாவோடு பால் வெட்டப் போனேன். விடியும் நேரத்தில் மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையும். முந்தின வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு, அடுத்த மரம். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணி வாயிலிருந்து வருவது நமக்குக் காயம். வெட்டி முடித்துத் திரும்பவும் முதல் மரத்திலிருந்து பாலைச் சேர்த்துக்கொண்டு, வாளி தளும்பாமல் சரிவில் இறங்கி ஸ்டோருக்குப் போக வேண்டும். பால் சிந்தினால் அன்றைய உழைப்பு மண்ணுக்கு. அந்த வாளிதான் எனக்கு ஒரே சீராக ஓடக் கற்றுக்கொடுத்தது. எந்தச் சுற்றையும் முந்தின சுற்றுபோலவே ஓடுவேன், கூடவும் மாட்டேன், குறையவும் மாட்டேன். நிறை போட்டு முடிந்ததும் பஸ் பிடித்துக் கேகாலைக்கு, சேரிடம் பயிற்சிக்கு. மழை பெய்தால் பட்டை நனையும், பால் வெட்ட முடியாது, அன்று பேர் இல்லை, கூலியும் இல்லை. பேர் இல்லாத நாளெல்லாம் மழையில் ஓடினேன். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

“எவன் பின்னால ஓடுறாளோ தெரியல.”

“முன்னால எவனும் காணலியே. பின்னால தொரத்துறானோ என்னமோ.”

சண்டைக் காலம் அது. ஒருநாள் விடியற்காலை கண்டி ரோட்டில் நான் முன்னால் ஓட, சேர் மோட்டார் சைக்கிளில் கொஞ்சம் பின்தங்கி வந்தார். சோதனைச் சாவடியில் என்னை நிறுத்தினார்கள். பேர் கேட்டார்கள். பேரைக் கேட்டதும் குரல் மாறியது. ஏன் ஓடுகிறாய், யாரிடமிருந்து ஓடுகிறாய், எங்கே ஓடுகிறாய். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இருந்தும் பதில் சொல்வதை விட்டுவிட்டு, சாலையோரக் கானுக்குள் இறங்கி நின்றுகொண்டேன். அது இன்னும் சந்தேகமாகிவிட்டது.

சேர் வந்து பேசினார். சிரித்துப் பேசினார். அவர் இல்லாவிட்டால் அன்று நான் எந்த அறையில் கிடந்திருப்பேனோ, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேசி முடித்தும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. “ஓட்டக்காரின்னா ஓடிக் காட்டச் சொல்லு” என்றார்கள். துப்பாக்கிகளுக்கு முன்னால், அந்தக் கம்பத்திலிருந்து இந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கும் ஓடிக் காட்டினேன். கை தட்டினார்கள். ஒருவன் பிளேன்டீ கொடுத்தான். திரும்பும்போது சேர் கைக்குட்டையைப் பிரித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஓடிக் காட்டியதற்கும் நேரம் பிடித்திருக்கிறார்.

“நல்ல வேகம்” என்றார்.

அதன்பிறகு எதற்கெடுத்தாலும், “அன்னிக்கு நான் இல்லேன்னா நீ எங்க?” என்பது அவர் வாயில் ஒரு பாட்டாகிவிட்டது.

அவர் மூலமாக ஒரு கம்பனியின் ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். பகலில் பொதி கட்டும் பிரிவில் வேலை, காலையும் மாலையும் பயிற்சி, தங்க ஒரு கட்டில். பக்கத்துக் கட்டிலில் தீபிகா. மாவனல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நல்லவள். அவள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு வந்தால் வாழையிலையைப் பிரித்ததும் பாதி என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கை வைப்பாள். அவளுக்கு முன்னால் நின்று ஓடத் தெரியாது. தனியாக விட்டால் பாதியில் வேகம் செத்துவிடும். ஆனால் யாராவது ஒருத்தி கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டால், முடிவுக் கோட்டுக்கு முன்னால் அவளிடம் ஒரு பாய்ச்சல் இருந்தது. அந்தப் பாய்ச்சலுக்குச் சேர் ஆசைப்பட்டார்.

அந்த யாராவது ஒருத்தி நான்.

இந்தத் தொழிலில் அதற்கு முயல் என்று பேர். முன்னால் ஓடுகிற முயல். வேலை இதுதான்: துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போய் உள்தடத்தைப் பிடிக்க வேண்டும். சேர் சொன்ன வேகத்தில், ஒரே சீராக, காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். பின்னால் வருகிறவள் அந்தக் காற்றில்லாத நிழலில் வருவாள். சொன்ன சுற்று வந்ததும் விலக வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. வளைவில் விலகக்கூடாது, வளைவு முடிந்து நேராகும் இடத்தில்தான். வலப்பக்கமாக, இரண்டு தடம் தள்ளி, வேகத்தைக் குறைக்காமல் விலக வேண்டும். திடீரென்று நின்றால் பின்னால் வருபவளின் கால் குழம்பும். தோளைத் திருப்பக்கூடாது, கையை விரிக்கக்கூடாது. அவளுக்கு வழி திறந்தது தெரியவேண்டும், திறந்தவளைத் தெரியக்கூடாது. பிறகு நான்காம் தடத்தில் மெதுவாகி, புல்லுக்குப் போய், குனிந்து, முழங்காலில் கை வைத்து, மற்றவர்கள் ஓடி முடிப்பதைப் பார்க்கலாம்.

“மத்தவளுக எல்லாம் வெலகச் சொன்னா மூஞ்சியத் தூக்குவாளுக” என்று சேர் புதிதாக வந்தவர்களிடம் சொல்லுவார். “இவளப் பாரு. கதவு தெறக்குற மாதிரி.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன், ஆனால் இருந்தது.

படங்கள் வந்தன. தீபிகா கோட்டைத் தொடும் படம். நான் புல்லில் குனிந்து நிற்பதை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. “ஓடி முடிக்கலியா?” என்று பொதி கட்டும் பெண்கள் கேட்பார்கள். “பாதியில மூச்சு வாங்கிருச்சா?” வேலை அப்படி என்று விளக்குவேன். விளங்காது. முடிக்காமல் வருவது என்ன வேலை?

பிறகு அம்மா வந்தாள்.

கண்டியில் ஒரு போட்டி. நான் ஓடுவதை அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று மாரியம்மன் திருவிழாவுக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு, என் சித்தப்பாவோடு பஸ் மாறி மாறி வந்து, படிக்கட்டில் உட்காராமல் நின்றே பார்த்தாள். நான் முன்னால் ஓடினேன். சொன்ன சுற்றில், சொன்ன இடத்தில் விலகினேன். தீபிகா பறந்தாள். எல்லாம் முடிந்து அம்மாவிடம் போனேன். முடிக்காததற்குத் திட்டுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டே போனேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“நல்லா ஓடுன” என்றாள். “அந்தப் புள்ள பின்னால வந்ததும் மரியாதையா எடமும் விட்ட. பாத்துக்கிட்டிருந்த பெரிய ஆளுங்க எல்லாம், ஒழுங்கா வளந்த புள்ளன்னு சொல்லிருப்பாங்க.”

சிரித்த முகம். அத்தனை நிறைவு அந்த முகத்தில்.

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. சாவடியில் துப்பாக்கிக்கு முன்னால் ஓடியபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. கானுக்குள் நிற்பதைத்தான் நான் மைதானத்தில் செய்துகொண்டிருக்கிறேன், வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவில். அம்மா ஒரே பார்வையில் அதை அடையாளம் கண்டுகொண்டாள். கண்டு சந்தோஷப்பட்டாள்.

அடுத்தது கொழும்பில் தெரிவுப் போட்டி. பன்னிரண்டரைச் சுற்று. முதலில் வருகிறவள் வெளிநாட்டுக்குப் போவாள், ஒருத்திதான், இரண்டாவதுக்கு இடமில்லை. சேர் வழக்கம்போல எனக்குச் சுற்றுக் கணக்குச் சொன்னார். “எட்டு முடிஞ்சதும் வெலகிரு. தீபிகா கடைசியைப் பாத்துக்குவா.” நான் தலையாட்டினேன். மாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் அவர் என்னைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்தியிருப்பார்.

வெயில். கடற்காற்று ஒரு பக்கம் தள்ளியது, மறுபக்கம் தடுத்தது. வாளி தளும்பாமல் ஓடினேன். எட்டாவது சுற்று முடிந்து வளைவு நேராகும் இடத்தில் ‘டப், டப்’. போய்க்கொண்டே இருந்தேன். மறுபடி ‘டப், டப்’, பலமாக. ஒன்பதாவது சுற்றில் சேர் கயிற்றோரம் என்னோடு கூடவே ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். “எலியட்ட!” என்று சிங்களத்தில் கத்தினார். வெளியே போ. எங்கள் தமிழ் அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. பத்தாவது சுற்று. பதினொன்று. பின்னால் தீபிகாவின் மூச்சு மட்டும். வழி திறக்கும் என்று காத்துக்கொண்டே வருகிறாள், பாவம், கதவில் முட்டி நிற்கிறவள்போல. மற்றவர்கள் எங்கோ தூரத்தில்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. நான் முன்னால். கடைசி வளைவு. நான் முன்னால். எனக்குள் ஒரு லயமே எழுந்து நின்று கத்தியது. வளைவு முடிந்து நேரானது. முடிவுக் கோடு தெரிந்தது. அப்போது பின்னால் காலடி.

நான் ஒதுங்கினேன்.

இல்லை, சரியாகச் சொல்கிறேன். நான் ஒதுங்கவில்லை. என் கால் ஒதுங்கியது. ஒரே ஒரு எட்டு, வலப்பக்கம். மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் கால் போய்விட்டது. உள்பக்கம் ஓர் ஆள் புகும் இடைவெளி. தீபிகா அதற்குள் பாய்ந்தாள். நான் திரும்ப வந்தேன், துரத்தினேன், நெஞ்சை நீட்டினேன். கோட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை அகலம்.

கீழே விழுந்து கிடந்தேன். முதலில் என்னிடம் வந்தது தீபிகா. பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்தாள். பரிசு பெற்றவளின் அழுகையாக அது இல்லை.

“ஏன் நகர்ந்தாய்?” என்று சிங்களத்தில் கேட்டாள். “உன்னைச் சுற்றிக்கொண்டு வெளியால் போகும் சக்தி எனக்கு இருக்கவில்லை. நீ அங்கேயே ஓடியிருந்தால் நான் இரண்டாவது.”

அவள் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னாள். அதனால்தான் இன்றும் அவள் தொலைபேசி எடுத்தால் நான் பேசுகிறேன்.

அப்புறம் சேர். கோபமாக வருவார் என்று நினைத்தேன். கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, புன்னகையோடு வந்தார். அவர் பின்னால் இரண்டு பத்திரிகைக்காரர்கள். “கூட ஓடுறவளுக்காகக் கடைசியில விட்டுக்குடுத்தா. நம்ம குழுவோட ஒழுக்கம் இது” என்று அவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டார். அவர்கள் போனதும் நான் எழுந்து நின்றேன்.

“நான் விடல சேர்.”

“விட்ட. ஊரே பாத்துச்சு.”

“நான் ஜெயிக்க ஓடுனேன்.”

“தெரியும்.” குரலை உயர்த்தவே இல்லை. “கேகாலையில ஒன்ன எதுக்கு எடுத்தேன்னு நெனக்கிற? ஓட்டத்துக்கா? ஓடுற புள்ளைங்க இந்த மலையில வீட்டுக்கு ஒண்ணு. முன்னால ஓடிட்டு, ஏன் எதுக்குன்னு கேக்காம வெலகத் தெரிஞ்ச புள்ள நீ ஒருத்திதான். கடையில நின்னு சின்ன வயசுலேருந்து பாத்தவன் நான். ஒங்க ஆளுங்க கால் எப்படிப் பழகியிருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்து எந்தப் பக்கம் வெட்டினால் பால் வரும் என்று சொல்கிறவரின் நிதானம். அந்த நிதானத்தை நான் மன்னிக்கமாட்டேன். செத்தும் மன்னிக்கமாட்டேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் மன்னிக்கவில்லை.

கட்டிலைக் காலி செய்துகொண்டு மறுநாள் ஊருக்கு வந்தேன்.

பஸ் தோட்ட வாசலில் இறக்கிவிட்டது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைச் சாலையில் ஏறினேன். பால் நிறை போட்டுவிட்டுப் பெண்கள் திரும்பும் நேரம். முதல் திருப்பத்தில் பின்னால் ஜீப் சத்தம். என் கால் அசைந்தது. எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை மூளை முந்திக்கொண்டது. சாலையின் நடுவுக்குப் போனேன். ஹாரன் அடித்தது. நடந்தேன். மறுபடி ஹாரன், விடாமல். பையின் வாரை இறுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

நடுச் சாலையில், ஏற்றத்தில், ஒரே சீராக. ஜீப் என் பின்னால் முதல் கியரில் முக்கிக்கொண்டு வந்தது. சாலை அகலம் அவ்வளவுதான், என்னைத் தாண்ட இடமில்லை. துரை தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினார். எத்தனையோ பேருக்கு முன்னால் ஓடிக் கொடுத்தேனே, இவருக்கும் ஓடிக் கொடுக்கிறேன். என் வேகத்தில் வரட்டும். விலகும் சுற்று எதுவும் இன்று இல்லை.

மூன்றாவது திருப்பத்தில் பால் வெட்டும் பெண்கள் வரிசையாகக் கானுக்குள் நின்றார்கள். வாளியெல்லாம் கீழே. அதில் அம்மா. ஜீப் சத்தத்துக்கு இறங்கி நின்றவள், ஜீப்புக்கு முன்னால் நான் வருவதைப் பார்த்தாள்.

“அடி ஒதுங்குடி! பின்னால வண்டிடி!”

அவள் முகத்தைத் தாண்டி ஓடினேன். பங்களாவுக்குப் பிரியும் சாலைவரை ஓடினேன். ஜீப் அந்தப் பக்கம் திரும்பியது. நான் லயத்துப் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், ஆட்கள் அத்தனை பேர் முன்னால், அம்மாவை நிற்க வைத்து ஏசினார்கள். அம்மாவின் மரங்களைப் பிடுங்கிக்கொண்டு, மலையின் அந்தக் கோடியில் செங்குத்துச் சரிவில், பட்டை தீர்ந்த கிழட்டு மரங்களைக் கொடுத்தார்கள். சாகும்வரை அம்மா அந்த மரங்களைத்தான் வெட்டினாள். நான் ஓடியதற்கு அவள் ஏறினாள். ஓட்டக்காரியின் சாதனைகளை எழுதுகிறவர்கள் இதையும் அதில் சேர்க்கட்டும்.

அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஓடினேன், யாருடைய முயலாகவும் இல்லாமல். சித்தப்பா மகனைச் சைக்கிளில் பின்னால் வரச் சொல்லி, மணி அடிக்கச் சொல்லி, திட்டச் சொல்லி, என் காலுக்குப் புதுப் பழக்கம் ஊட்டினேன். தெருவோட்டங்களில் சிலவற்றில் முதலாவதாக வந்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில் நிறுத்தினேன். வெளிநாட்டுக்கு என்னை ஒருவரும் அனுப்பவில்லை. கடைசிவரை என் கால் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் உள்ளுக்குள் துடிக்கத்தான் செய்தது. துடிக்கும், ஆனால் விலகாது.

தங்கச்சி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கையில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். அந்த ஒரு எட்டு என் கையில் இருக்கவில்லை. அதை நான் பிறப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள், எடுத்ததற்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அடுத்த விழாவில் யாராவது என்னை அப்படி அழைத்தால் மேடை ஏறமாட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தக் கிழட்டு மரங்களுக்கு ஏறி இறங்கிய முதல் நாள், அம்மா வீட்டுக்கு வந்து என்னோடு பேசவே இல்லை. அடுப்பை மூட்டினாள், ரொட்டி தட்டினாள். முதல் ரொட்டியை என் தட்டில் போட்டாள். இரண்டாவதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

“வண்டி பின்னால வரயில நடு ரோடு எப்படிடி இருக்கு?”